பழைய விதைப் பொட்டலங்களை விதைக்கலாமா, குப்பையில் போடலாமா? வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஆனி பிறந்துவிட்டால் போதும், யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "போன வருஷம் வாங்கின கத்தரி விதை அரைப் பொட்டலம் மிச்சம் இருக்கு, போடலாமா?" கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. தேதி முடிந்துவிட்டது என்று எல்லாவற்றையும் குப்பையில் கொட்டுகிறவர்கள் ஒரு வகை. எதையும் பார்க்காமல் பையில் ஊன்றி, இருபது நாள் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்து, ஒன்றும் வராது என்று தெரிந்த பிறகு கடைக்கு ஓடுகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்கு நஷ்டம் முப்பது நாற்பது ரூபாய். இரண்டாவது வகைக்கு நஷ்டம் ஒரு பட்டம், அதாவது ஒரு முழு விதைப்புப் பருவம்.

நானே இரண்டாவது வகையில் இருந்தவன்தான். பழைய மிளகாய் விதையை ஆறு பைகளில் நேரடியாக ஊன்றி, இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று ஆடி மாதம் முழுவதையும் ஓட்டிவிட்டு, கடைசியில் நர்சரியில் நாற்று வாங்கி நட்டேன். அது வேர் பிடிப்பதற்குள் ஐப்பசி மழை வந்து அழுக வைத்துவிட்டுப் போனது. அதிலிருந்து சோதிக்காமல் ஒரு பழைய விதையையும் மண்ணில் போடுவதில்லை. தெருவில் நாலைந்து மாடித்தோட்டங்களுக்கும் இதைச் செய்து காட்டியிருக்கிறேன், யார் எங்கே சறுக்குகிறார்கள் என்பதும் இப்போது ஓரளவு தெரியும். படிகளின் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. பட்டத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பே தொடங்குங்கள்

ஆடிப்பட்டம் என்றால் ஜூலை பாதிக்கு மேல் விதைப்பு. அப்படியானால் ஆனி முதல் வாரத்திலேயே, அதாவது ஜூன் பாதியைத் தாண்டியதும், சோதனையை ஆரம்பித்துவிட வேண்டும். தைப்பட்டத்துக்கு என்றால் மார்கழி முதல் வாரம்.

ஏன் இவ்வளவு முன்னதாக? மிளகாய், கத்தரி சோதனைக்கே 14 நாள் வேண்டும். விதை தேறவில்லை என்றால் புதிது வாங்க ஒரு வாரமாவது கையில் இருக்க வேண்டும். விதைப்பு நாளன்று சோதனை செய்தால், விடை தெரியும்போது பட்டம் பாதி போயிருக்கும். நாற்று விட்டு நடுகிற பயிர்களுக்கு இன்னும் நெருக்கடி: தக்காளி நாற்றுக்கு 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு அதையும் தாண்டும்.

2. எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

பழைய வேட்டித் துணி அல்லது கெட்டியான டிஷ்யூ காகிதம், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா அல்லது ஜிப் உறை, பென்சில், சின்னக் காகிதத் துண்டுகள், பல் குத்தும் குச்சி, நகவெட்டி, ஒரு கைப்பிடி பச்சைப்பயறு. பேனா வேண்டாம், ஈரத்தில் மை கரைந்து எந்த விதை எது என்றே தெரியாமல் போகும். பயறு எதற்கு என்று பிறகு சொல்கிறேன், சுண்டலுக்கு இல்லை.

3. பொட்டலத்தில் இருப்பதை முழுதாகப் படியுங்கள்

எல்லோரும் முதலில் பார்ப்பது காலாவதித் தேதியைத்தான். அந்தத் தேதிக்கு உண்மையில் என்ன பொருள் என்றால், முளைப்புத்திறன் சோதித்த நாளிலிருந்து பெரும்பாலும் 9 மாதம் வரை விற்பவர் பொறுப்பு ஏற்கிறார், அவ்வளவுதான். அதற்கு மறுநாள் விதை செத்துவிடுகிறது என்று அர்த்தமில்லை. பால் பாக்கெட் தேதி மாதிரி இதைப் படிக்கக் கூடாது.

தேதியைவிட உபயோகமான மூன்று விஷயங்கள் அதே அட்டையில் இருக்கும். முதலாவது, குறைந்தபட்ச முளைப்புத்திறன் சதவீதம். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், 8-வது படியில் தேவைப்படும். இரண்டாவது, சோதித்த தேதி, விதையின் வயதை அதிலிருந்துதான் எண்ண வேண்டும். நீங்கள் கடையில் வாங்கிய நாளிலிருந்து எண்ணினால் தப்பு, அது கடை அலமாரியில் எத்தனை மாதம் கிடந்ததோ. மூன்றாவது, மருந்து பூசியதா என்ற எச்சரிக்கை. சிவப்பு, ரோஸ், நீலம் என்று விதை நிறமேறியிருந்தால் பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையுறை போடுங்கள், அல்லது குச்சியால் எடுங்கள், வேலை முடிந்ததும் கை கழுவுங்கள். மிச்சத்தைக் கோழிக்குப் போட்டுவிடாதீர்கள்.

வீட்டில் எடுத்த விதையாக இருந்தால் எந்த வருடத்துக் காய் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஒட்டுரக, அதாவது ஹைபிரிட் விதையின் பழைய பொட்டலம் முளைத்தால் அதே ரகம்தான் வரும், அதில் பயமில்லை. ஹைபிரிட் செடியின் காயிலிருந்து நீங்களே எடுத்த விதை என்றால், முளைத்தாலும் தாயைப் போலக் காய்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

4. வயதையும் வைத்திருந்த இடத்தையும் சேர்த்துப் பாருங்கள்

பழைய விதைக்கு நான் வைத்திருக்கும் கணக்கு கீழே. சாதாரணமாக, காற்றுப் புகாமல், வெயில் படாத அலமாரியில் வைத்திருந்தால் இவ்வளவு. ஃப்ரிட்ஜில் இருந்தால் இதைவிட நிறையவே தாங்கும்.

வெங்காய விதை ஒரு வருடம். கோ ஆன் 5 போன்ற, விதை போட்டு வளர்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் இதுதான். இரண்டாவது வருடம் அதன் மேல் ஆசை வைக்காதீர்கள், புதிது வாங்கிவிடுங்கள்.

வெண்டையும் மிளகாயும் இரண்டு வருடம். இந்த இரண்டில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் பார்ப்பதற்குப் புது விதை மாதிரியே பளபளவென்று இருக்கும். கேரட், கொத்தமல்லிக்கும் இரண்டு வருடத்துக்கு மேல் நம்பிக்கை வேண்டாம்.

அவரை, தட்டைப்பயறு, கொத்தவரை இரண்டு மூன்று வருடம். ஆனால் வயதாகிச் சாவதற்கு முன்பே வண்டு தின்றுவிடும், அதனால் இந்த வகையில் வருடக் கணக்கைவிடத் துளைக் கணக்குதான் முக்கியம்.

கத்தரி, தக்காளி, முள்ளங்கி, முட்டைக்கோஸ் மூன்று நான்கு வருடம். பூசணி, சுரை, பாகல், பீர்க்கு, புடலை, வெள்ளரி போன்ற கொடிக் காய்களுக்கும் நான்கு வருடம் வரை நம்பிச் சோதிக்கலாம். கீரை விதை நன்றாகவே தாங்கும், ஆனால் விலை குறைவு, ஒரு பொட்டலத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கும், அதற்காக ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கறிவேப்பிலை, மா, பலா இந்த வழிகாட்டியில் வராது. அவற்றின் விதை காய்ந்தாலே செத்துவிடும். போன வருடத்துக் கறிவேப்பிலை விதையைப் பத்திரமாக டப்பாவில் வைத்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால், அது வெறும் ஞாபகப் பொருள்தான்.

இனி, வைத்திருந்த இடம். விதை ஆராய்ச்சியாளர் ஹாரிங்டன் சொன்ன ஒரு தோராய விதி உண்டு: விதைக்குள் இருக்கும் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் ஆயுள் இரட்டிக்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரி, மாடிப் படிக்கட்டில் தகரக் கூரைக்கு அடியில் உள்ள பெட்டி, மண்வெட்டியோடும் உர மூட்டையோடும் கிடக்கும் பொட்டலம், இவையெல்லாம் ஒரு கோடையிலேயே மூன்று வருட வேலையைச் செய்துவிடும். கடற்கரை ஊர்க்காரர்களுக்குக் காற்றில் உள்ள ஈரமும் சேர்ந்துகொள்கிறது. அதனால் திறந்த பொட்டலத்தை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்தது என்றால் மேலே சொன்ன வருடங்களில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படியில் நீங்கள் தள்ளிவிட வேண்டியது வெங்காயத்தை மட்டும்தான். மற்றதெல்லாம் சோதனைக்குப் போகட்டும், ஏனென்றால் வயதை வைத்துச் சொல்வது ஜோசியம் மாதிரி, ஓரளவுக்குத்தான் பலிக்கும்.

5. கண்ணால் பார்த்துக் கழியுங்கள், தண்ணீரில் போட்டு அல்ல

வெள்ளைத் தாளில் விதையைப் பரப்பிக்கொண்டு, துளை விழுந்தது, பூஞ்சை படிந்தது, சுருங்கிப்போனது, நகத்தால் அழுத்தினால் நொறுங்கும் பொக்கு, இவற்றை ஒதுக்குங்கள். முகர்ந்தும் பாருங்கள். பூசணி, சுரை விதையில் சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை அடித்தால் உள்ளே பருப்பு கெட்டிருக்கிறது.

தண்ணீரில் மிதந்தால் கெட்டது, மூழ்கினால் நல்லது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். உள்ளே காற்றிடைவெளி இருப்பதால் நல்ல பாகல், சுரை விதைகூட மிதக்கும். மூழ்குவதோ கனத்தைத்தான் காட்டுகிறது, உயிரை இல்லை. செத்த வெண்டை விதை கல்லாட்டம் மூழ்கும். நெல்லை உப்புத் தண்ணீரில் போட்டுப் பதரைக் கழிப்பது வேறு வேலை, அங்கே தேடுவது கனமான மணியை.

6. முளைப்புச் சோதனை

பயறு முளைகட்டத் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியில்தான் தவறுகள் வருகின்றன.

எத்தனை விதை? எல்லோரும் 10 போடுகிறார்கள், சதவீதக் கணக்குச் சுலபம் என்பதால். 20 போடுங்கள். 10-ல் 7 முளைத்தால் 70 சதவீதம் என்று எழுதிவிடுவோம், ஆனால் அவ்வளவு சின்ன மாதிரியில் உண்மையான அளவு 40-க்குப் பக்கத்திலும் இருக்கலாம், 90-க்குப் பக்கத்திலும் இருக்கலாம். நான்கில் ஒன்று முளைக்கக்கூடிய விதையில்கூட, 10 எடுத்துப் போட்டால் ஒன்றுமே வராமல் போவது நூறு தடவையில் ஐந்தாறு தடவை நடக்கும். கையில் இருப்பதே 15 விதைதான் என்றால் சோதனை என்று தனியாக வேண்டாம். எல்லாவற்றையும் இதே முறையில் முளைகட்டி, முளைத்ததை நடுங்கள்.

எந்த விதை? பொட்டலத்தைக் குலுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். இங்கே நல்லதாகப் பொறுக்கி எடுத்துப் போடுகிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது, மனசு தானாகவே பெரிய விதையைத்தான் எடுக்கும். அப்புறம் சோதனையில் 90 வரும், மண்ணில் 50 வரும், பழி மண் மேல் விழும். 5-வது படியில் கழித்த பிறகு மிஞ்சியதில் பெரியது சின்னது எல்லாம் கலந்துதான் இருக்க வேண்டும்.

துணியை நனைத்து நன்றாகப் பிழியுங்கள். தூக்கிப் பிடித்தால் ஒரு சொட்டும் விழக் கூடாது, விரலால் அழுத்தினால் விரல் ஈரமாக வேண்டும். புதியவர்கள் செய்யும் முதல் பெரிய தவறு சொதசொதவென்று வைப்பது. முளைக்கிற விதைக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். தண்ணீர்ப் படலம் மூடிக்கொண்டால் மூச்சு முட்டும், வயதான விதைக்கு அதைத் தாங்கும் தெம்பு இல்லை, அழுகிவிடும். அதைப் பார்த்துவிட்டு விதை கெட்டது என்று முடிவு செய்துவிடுவோம்.

துணியில் 4 விதை வீதம் 5 வரிசை வையுங்கள், ஒன்றையொன்று தொடாமல். ஒன்றில் பூஞ்சை வந்தால் பக்கத்து விதைக்குத் தாவாது, எண்ணுவதும் சுலபம். ஓரத்தில் ஐந்து பச்சைப்பயறு. கடையில் புதிதாக வாங்கிய, முளைக்கும் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த பயறு. இரண்டாம் மூன்றாம் நாள் பயறு முளைத்துவிட்டால் உங்கள் துணி, ஈரம், இடம் எல்லாம் சரி, இனி எது முளைக்காவிட்டாலும் குற்றம் விதையுடையது. பயறே அழுகினால் குற்றம் உங்களுடையது, சோதனையைத் திரும்பப் போடுங்கள். இந்த ஐந்து பயறு எத்தனையோ நல்ல விதையைக் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றியிருக்கிறது.

துணியை மடித்து, பெயர், வருடம், போட்ட தேதி எழுதிய சீட்டோடு டப்பாவில் வையுங்கள். மூடியை இறுக்காமல் சாத்துங்கள். ஜிப் உறை என்றால் ஒரு விரலளவு திறந்திருக்கட்டும். இடம் 25 முதல் 30 டிகிரி இருந்தால் நல்லது, நம் ஊரில் ஆனி மாதத்து வீட்டுக்குள் எந்த மூலையும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் "வெயில் பட்டா சீக்கிரம் முளைக்கும்ல தம்பி" என்று உறையை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டார், சாயங்காலம் போய்ப் பார்த்தால் விதை வெந்திருந்தது.

அவரை, தட்டைப்பயறு, பீன்ஸ் பழைய விதையைச் சோதனைக்கு முன் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். காய்ந்து கிடந்த பருப்பு வகை விதை தண்ணீரை ஒரேயடியாக இழுக்கும்போது உள்ளே இருக்கும் செல் சவ்வுகள் கிழியும், சத்து வெளியே கசியும், பூஞ்சைக்கு விருந்து. இளம் விதை இதைச் சமாளித்துக்கொள்ளும், வயதானது சமாளிக்காது. ஈரத்துணியில் மெதுவாக ஊறட்டும். பாகல், புடலைக்கு இதற்கு நேர் எதிர்: ஓடு கெட்டி, தண்ணீர் உள்ளே போவதே சிரமம். நகவெட்டியால் ஓட்டின் ஓரத்தை லேசாகக் கிள்ளிவிட்டு, பருப்பைத் தொடாமல், ஓர் இரவு ஊறவைத்துப் பிறகு துணியில் வையுங்கள். வெண்டைக்கு ஆறு மணி நேர ஊறல் போதும்.

7. தினமும் திறந்து எண்ணுங்கள், நாள் முடியும்வரை காத்திருங்கள்

தினம் ஒரு முறை திறப்பது வேடிக்கை பார்க்க இல்லை, உள்ளே புதுக் காற்று போவதற்கு. துணி காய்ந்தால் தெளியுங்கள். பூஞ்சை வந்த விதையைக் குச்சியால் எடுத்துத் தூக்கிப் போட்டுவிட்டு, முளைக்காதது என்ற கணக்கில் எழுதுங்கள்.

எவ்வளவு நாள் காக்க வேண்டும் என்றால், தட்டைப்பயறு, வெள்ளரிக்கு 8 நாள், முள்ளங்கிக்கு 10, தக்காளி, கத்தரி, மிளகாய், பாகலுக்கு 14, வெண்டை, கொத்தமல்லிக்கு 21 நாள் வரை. ஆய்வகங்களிலும் கடைசிக் கணக்கு எடுப்பது ஏறக்குறைய இந்த நாட்களில்தான். பயறு இரண்டு நாளில் முளைத்ததைப் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் மிளகாயைத் தூக்கி எறிவது இரண்டாவது பெரிய தவறு. மிளகாய் அப்போதுதான் சோம்பல் முறிக்கும்.

முளைத்தது என்று எதை எண்ணுவது? வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தவுடன் எண்ணாதீர்கள். பழைய விதையில் முனை வந்து அப்படியே நின்றுவிடுவதும், வேர் குட்டையாகத் தடித்துப் பழுப்பாவதும் சாதாரணம். அவை மண்ணில் செடியாகாது. வேர் ஒரு சென்டிமீட்டராவது நீண்டு, வெள்ளையாக, நேராக இருந்தால்தான் ஒன்று. அதுவரை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

எத்தனை முளைத்தது என்பதோடு எந்த நாளில் முளைத்தது என்பதையும் எழுதுங்கள். இதை யாருமே செய்வதில்லை, ஆனால் எனக்கு இந்த இரண்டாவது கணக்குத்தான் அதிகம் சொல்கிறது. விதை சாவதற்கு முன் வீரியம் குறையும். 20-ல் 14 தக்காளி ஐந்தாறு நாளில் ஒன்றாக எழுந்தால் அந்தப் பொட்டலம் திடமாக இருக்கிறது. அதே 14, ஆறாம் நாள் மூன்று, ஒன்பதாம் நாள் ஆறு, பதிமூன்றாம் நாள் ஐந்து என்று தள்ளாடி வந்தால், சதவீதம் ஒன்றே என்றாலும் மண்ணில் பாதிதான் தேறும்.

நாள் முடிந்த பிறகு முளைக்காததை விரலால் நசுக்கிப் பாருங்கள். கொழகொழவென்று போனால் செத்தது. கல்லாக இருந்தால் தண்ணீரே உள்ளே போகவில்லை, வெண்டையிலும் பாகலிலும் இது நடக்கும். அதைச் செத்த கணக்கில் சேர்க்காமல் ஓட்டைக் கிள்ளி மறுபடி போடுங்கள்.

8. கணக்குப் போட்டு முடிவெடுங்கள்

இங்கேதான் நூற்றுக்கு நூறு எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். புதிதாக வாங்கும் பொட்டலத்துக்கே இந்திய விதைச் சான்றுத் தரத்தில் குறைந்தபட்ச முளைப்புத்திறன் தக்காளி, கத்தரி, முள்ளங்கிக்கு 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கும் கொடிக் காய்களுக்கும் 60. உங்கள் மூன்று வருடப் பாகல் விதை 60 கொடுத்தால் அது கடையில் விற்கத் தகுதியான விதை. குறை சொல்லாதீர்கள்.

அந்த அளவை எட்டினால் புது விதை போலவே பயன்படுத்துங்கள். அதற்குக் கீழே 40 வரை இருந்தால் கூடுதலாக விதைத்துச் சமாளிக்கலாம். 40-க்குக் கீழே என்றால் ஒரே ஒரு கேள்வி: இது திரும்பக் கிடைக்குமா? எந்தக் கடையிலும் கிடைக்கும் வெண்டை என்றால் தூக்கிப் போடுங்கள், இருபது முப்பது ரூபாய்க்காகப் பட்டத்தைப் பணயம் வைக்காதீர்கள். பாட்டி வீட்டுக் கொல்லையில் இருந்த கத்தரி, இப்போது அந்தக் கொல்லையே இல்லை என்றால் 5 சதவீதமாக இருந்தாலும் இருக்கும் அத்தனையையும் முளைகட்டுங்கள், ஒரு செடி வந்து காய்த்தாலும் நூற்றுக்கணக்கில் புது விதை கிடைத்துவிடும்.

எவ்வளவு கூடுதலாக விதைப்பது? தேவையான செடிகளை 100-ஆல் பெருக்கி, சதவீதத்தால் வகுங்கள். 12 கத்தரி வேண்டும், முளைப்பு 50 சதவீதம் என்றால் 24 விதை. துணியில் முளைப்பதெல்லாம் மண்ணைக் கிழித்துக்கொண்டு வெளியே வராது என்பதால் அதோடு கால் பங்கு சேர்த்து 30. முன்பு சொன்ன தள்ளாட்டம் இருந்தால் 40 போடுங்கள்.

ஒரு பொட்டலத்தின் முடிவை இன்னொன்றுக்கு மாற்றிப் போடக் கூடாது. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியிருந்தாலும் நீளக் கத்தரி வேறு, பச்சைக் கத்தரி வேறு.

9. பழைய விதையை விதைக்கும் முறை

நேராகப் பெரிய பையில் ஊன்றாதீர்கள். குழித்தட்டில், ஈரமாக்கிப் பிழிந்த தென்னை நார்க்கழிவில், நன்கு மக்கிய மண்புழு உரம் கொஞ்சம் கலந்து விதையுங்கள். பழைய விதைக்குள் சேமிப்புச் சக்தி குறைவு, கெட்டி மண்ணை முட்டித் திறக்கும் பலம் இருக்காது. அதே காரணத்துக்காக ஆழமும் குறைவாக இருக்கட்டும், விதையின் பருமனைப் போல இரண்டு மடங்கு போதும். தண்ணீரைக் குவளையால் ஊற்றாமல் தெளிப்பானால் தெளியுங்கள்.

மெதுவாக முளைக்கும் விதை மண்ணில் அதிக நாள் கிடக்கிறது, அதனால் நாற்றழுகல் வர வாய்ப்பும் அதிகம். மருந்து பூசாத விதையாக இருந்தால் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது சூடோமோனாஸ் என்ற, நோய்ப் பூஞ்சையை அடக்கும் நுண்ணுயிர்ப் பொடியை விதை மேல் பூசி விதைநேர்த்தி செய்யுங்கள். கிலோவுக்கு டிரைக்கோடெர்மா 4 கிராம், சூடோமோனாஸ் 10 கிராம் என்பது வயல் கணக்கு, நம் முப்பது விதைக்கு ஒரு சிட்டிகையே தாராளம். ஏற்கெனவே பூஞ்சைக்கொல்லி பூசிய விதையில் டிரைக்கோடெர்மாவைப் பூசி வீணாக்காதீர்கள், அதுவும் ஒரு பூஞ்சைதான், செத்துவிடும்.

பஞ்சகவ்யத்தில் ஊறவைத்தால் பழைய விதை உயிர் பெறுமா என்று கேட்பார்கள். உயிர் இருக்கும் விதைக்கு ஊக்கம் கொடுக்கலாம். செத்ததை எழுப்பாது.

சோதனையில் முளைத்த விதைகளைத் தூக்கிப் போடாதீர்கள். வேர் ஒரு சென்டிமீட்டர் எட்டி நீங்கள் எண்ணியதுமே, வேரைத் தொடாமல் விதை ஓட்டைப் பிடித்து எடுத்து, குழித்தட்டில் குச்சியால் துளை போட்டு, வேர் கீழே பார்க்க இறக்கி லேசாக மூடுங்கள். இன்னும் நீள விட்டால் துணி இழையில் வேர் சிக்கிக்கொள்ளும், உருவும்போது அறுந்துவிடும்.

நாற்று வந்ததும் இரக்கம் பார்க்காமல் கழியுங்கள். கடைசியாக எழுந்தவை, விதையிலை சுருண்டவை, வெளுத்தவை, இவை பெரும்பாலும் நோஞ்சானாகவே நிற்கும், பையில் இடத்தைத்தான் அடைக்கும். கஷ்டப்பட்டு முளைக்க வைத்ததாயிற்றே என்று எல்லாவற்றையும் நட்டு வைக்கிற ஆளுக்குத்தான் புரட்டாசியில் காயே இருக்காது.

10. மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு வைப்பது

60 சதவீதத்துக்குக் கீழே போன விதையைச் சேமிக்காதீர்கள். சரிவு தொடங்கிவிட்டால் அப்புறம் வேகமாக இறங்கும், இந்தப் பட்டத்திலேயே எல்லாவற்றையும் போட்டு முடியுங்கள்.

நன்றாக இருப்பதை முதலில் உலர்த்துங்கள். நிழலில் ஒரு வாரம், அல்லது காலை இளவெயிலில் துணி மேல் பரப்பி இரண்டு மூன்று நாள். உச்சி வெயிலில் சூடேறிய சிமெண்ட் தளத்தில் நேராகப் பரப்பினால் வறுபட்டுவிடும். பிறகு காகித உறையில் போட்டு, இறுக மூடும் கண்ணாடி பாட்டிலில் வையுங்கள். பாட்டிலின் அடியில் ஈரம் உறிஞ்ச சிலிக்கா ஜெல், இல்லையென்றால் வாணலியில் வறுத்து மூடிவைத்து ஆறவிட்ட அரிசி. ஒரு வாரம் கழித்து அந்த அரிசியை மாற்றுங்கள், முதல் வாரத்தில்தான் அது நிறைய ஈரத்தை இழுக்கும். உறை மேல் ரகம், வருடம், சோதித்த தேதி, சதவீதம் நான்கையும் பென்சிலால் எழுதுங்கள்.

பாட்டிலை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், பின்பக்கம் வையுங்கள். கதவில் வேண்டாம், திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் சூடும் குளிருமாக மாறும். உலராத விதையை ஃப்ரீசரில் வைக்கவே கூடாது, உள்ளே இருக்கும் ஈரம் உறைந்து விதையைக் கொன்றுவிடும்.

அடுத்த பட்டத்துக்கு எடுக்கும்போது பாட்டிலை உடனே திறந்துவிடாதீர்கள். குளிர்ந்த விதை மேல் வெளிக்காற்றுப் பட்டால், ஐஸ் தண்ணீர் டம்ளரில் வேர்ப்பது போல விதையும் வேர்க்கும், ஒரு வருடம் காய வைத்தது ஒரு நிமிடத்தில் போய்விடும். ராத்திரி எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் காலையில் திறங்கள்.